தேஜஸா, சுகோயா?

இந்திய விமானப்படை ஒன்றிலேயே இந்த இரண்டு போர் விமானங்களும் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள்.

அளவு: தேஜஸ் 13.2 மீட்டர், ஒரு எஞ்சின், ஒரு விமானி. சுகோய்-30 எம்கேஐ ஏறக்குறைய 22 மீட்டர், இரண்டு எஞ்சின், இரண்டு பேர்.

வடிவம்: தேஜஸுக்கு முக்கோண இறக்கை, பின்னால் கிடைமட்டமான சிறு வால் இறக்கை கிடையாது. மேற்பரப்பில் பெரும்பகுதி கார்பன் இழைக் கலவை, எடை குறைவு. சுகோயின் அழகு பின்பக்கத்தில்தான்: எஞ்சினில் சூடான வாயு வெளியேறும் முனைகளே திரும்பும். வேகம் குறைந்து மற்ற விமானங்கள் தடுமாறும் இடத்திலும் மூக்கைத் திருப்பிவிடும். பார்த்தால் மெய்சிலிர்க்கும்!

சுமை: 2.5 டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணையைச் சுகோய் வயிற்றடியில் தூக்கும். தேஜஸால் முடியாது.

செலவு: இரண்டு எஞ்சினுக்கு எரிபொருளும் பராமரிப்பும் கூடுதல்.

சரி, பக்கத்து வான்வெளியைக் காக்கத் தேஜஸ் போதும். வெகுதூரக் கடலில் கப்பலைத் தாக்கச் சுகோய்தான். 2020-இல் பிரம்மோஸுடன் அதைத் தஞ்சாவூரில் நிறுத்தியதும் அதற்காகவே.