முதல் ஷோ நாய்: லாப்ரடாரா, இராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

வீட்டுக்கும் ஆகவேண்டும், கண்காட்சிக்கும் கொண்டுபோக வேண்டும் என்று நாய் தேடுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இந்த மூன்றைப் பற்றித்தான். மூன்றும் எனக்குப் பிடித்த இனங்கள். ஆனால் முதன்முதலாக ரிங்குக்குள், அதாவது நடுவர் நாய்களைப் பார்க்கும் போட்டிக் களத்துக்குள், இறங்குகிறவருக்கு மூன்றும் ஒன்றாகாது.

ரிங்கில் நடப்பது இதுதான். நடுவர் ஒவ்வொரு நாயையும் அதன் இனத்துக்கான இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். வாயைத் திறந்து பல் பார்ப்பார், தோளையும் முதுகையும் தடவிப் பார்ப்பார், கடுவனுக்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். அப்புறம் ஓடவிட்டு நடையைக் கவனிப்பார். முன்பின் தெரியாத ஒருவர் இப்படித் தொடும்போது நாய் பேசாமல் நிற்கவேண்டும். கருத்தடை செய்த நாயை இந்தப் போட்டியில் இறக்க முடியாது என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கிற விஷயத்தில் லாப்ரடாரை அடிக்க ஆளில்லை. யார் தொட்டாலும் வாலாட்டும். தீனியைக் காட்டினால் சொன்னபடி நிற்கும். சிக்கல் போட்டியில்தான். லாப்ரடார் வகுப்பில் கூட்டம் அதிகம், வெளிநாட்டு ரத்தவழி நாய்களும் நாயை ரிங்கில் நடத்திக் காட்டும் தொழில்முறை ஹேண்ட்லர்களும் வருவார்கள். முதல் வருடம் வெறுங்கையோடு திரும்பத் தயாராக இருக்கவேண்டும். குட்டி வாங்கும்போது தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் பரம்பரையாக வருவது. எடையும் கவனம். சுமார் நாலில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்காமல் செய்யும் மரபணுக் குறை இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

இராஜபாளையத்தின் அழகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இதுவும் ஒன்று. பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் இதன் அடையாளம். அந்த வெள்ளையில்தான் ஆபத்தும் இருக்கிறது. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடும். முதுகுப்பக்கம் நின்று கைதட்டிப் பார்த்தால் இரண்டு காதும் செவிடா என்பது ஓரளவு தெரியும். ஒரு காது மட்டும் செவிடு என்றால் தெரியாது. அதற்கு, ஒலி கேட்டதும் காதிலிருந்து மூளைக்குப் போகும் மின் அலைகளை அளக்கும் பேயர் (BAER) பரிசோதனை வேண்டும். ரிங்கில் ஜெயிக்கும் நிறத்துக்காகக் காது கேட்காத குட்டிகளைப் பெருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. காதுப் பரிசோதனை பற்றிக் கேட்டால் மழுப்புகிற கென்னலில் (நாய் வளர்த்து விற்கும் இடத்தில்) வாங்காதீர்கள். குணத்திலும் இது ஒரே ஆளோடு ஒட்டிக்கொள்ளும் காவல் நாய், அந்நியர் கை பட்டால் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே பலர் தொட்டுப் பழக்கினால்தான் நடுவர் முன் நிற்கும்.

சிப்பிப்பாறைக்கு நம் வெயில் பிரச்சினையே இல்லை. மயிர் குட்டை, பராமரிப்பு குறைவு, ஓடும்போது பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் வேலி போட்ட இடம் வேண்டும். வேட்டை நாய் இது; பூனையோ ஆட்டுக்குட்டியோ கண்ணில் பட்டால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது. பெரிய தலைவலி பேப்பர், அதாவது வம்சாவளிப் பதிவு. தென்மாவட்டக் கிராமங்களில் வளர்ப்பவர்கள் பலர் மூன்று தலைமுறையை வாயாலேயே சொல்வார்கள், எழுத்தில் ஒன்றும் இருக்காது. சென்னையில் இருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று இல்லாமல் அவர்களின் சாம்பியன்ஷிப் ஷோவில் ஏற முடியாது. 'பேப்பர் அப்புறம் வரும்' என்றால் பணமும் அப்புறமே போகட்டும்.

எந்த இனமானாலும் குட்டியாக வாங்குவதா, வளர்ந்ததாகவா? எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்பதே 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிப்படி தவறு. ஷோதான் முக்கியம் என்றால் ஆறு, ஏழு மாத நாயைத்தான் சொல்வேன். பால்பல் விழுந்து கடைவாய் வரை முளைத்திருக்கும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் கடிப்பு சரியா என்று தெரியும், விதை இறங்கியதும் தெரியும். விலை கூடுதல்தான். எட்டு வாரத்தில் 'ஷோ குவாலிட்டி' என்று சொல்வது வெறும் ஊகம்.

என் தீர்ப்பு: அடுக்குமாடி வீடென்றால் லாப்ரடார். காம்பவுண்டும் ஓடுவதற்கு இடமும் உண்டென்றால், பேப்பரோடு கிடைக்கும் சிப்பிப்பாறை. இராஜபாளையம் இரண்டாவது நாயாக வரட்டும். வாங்குமுன் நாயில்லாமல் ஒரு ஷோவுக்குப் போய்வாருங்கள். மே மாத ஊட்டி ஷோ நல்ல இடம். வளர்ப்பவர்களிடம் அவர்கள் வகுப்பு முடிந்த பிறகு பேசுங்கள். முன்னால் போனால் யாருக்கும் பேச நேரமிருக்காது.