உலை இல்லாத நாட்டில் அணுக்கழிவு: காத்திருப்பதா, திருப்பி அனுப்புவதா, புதைப்பதா?

இலங்கையில் அணுமின் நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் கதிரியக்கப் பொருட்களைக் கண்காணிக்க 2014-ம் ஆண்டின் 40-ம் எண் சட்டப்படி அங்கே தனியாக ஒரு பேரவை வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் இலங்கை மலையகத்து அட்டனில் இருக்கும் என் மச்சான் சிரிக்கிறான். "உலையே இல்லாம கழிவு எங்கடா வரும்?" தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிக் குடும்பம் கோத்தகிரிக்கு வந்துவிட்டது, மீதி அங்கேயே தங்கிவிட்டது, அதனால் இந்தக் கேள்வி எனக்கு இரண்டு மலைகளிலிருந்தும் வருகிறது.

கழிவு வருவது ஆஸ்பத்திரியிலிருந்தும் பட்டறையிலிருந்தும்தான். புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் பழைய கோபால்ட் இயந்திரம், தைராய்டுக்குக் கொடுக்கும் அயோடின், குழாய் வெல்டிங்கைப் படம் பிடிக்கும் இரிடியம், சாலை போடும்போது மண்ணின் ஈரம் பார்க்கும் கருவிக்குள் அமெரிசியம். எஸ்டேட் கல்யாணங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மாண்டிலில்கூட தோரியம் இருந்தது (அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை). மொத்தமாகக் கூட்டினால் ஒரு சின்னக் கட்டடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அது ஒரே இடத்தில், ஒரே கையில் இருப்பதில்லை.

என்ன செய்யலாம் என்பதில் மிகச் சுலபமான வழி, பூட்டி வைத்துக் காத்திருப்பது. அயோடின் 131-க்கு அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 8 நாள், 80 நாள் போனால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், அப்புறம் அது சாதாரண ஆஸ்பத்திரிக் கழிவு. இதற்குப் போய் வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை, ஒரு தொட்டியும் ஒழுங்காக எழுதிய நோட்டும் போதும். ஆனால் இதே கணக்கைக் கோபால்ட் 60-க்குப் போட்டுப் பாருங்கள். அரை ஆயுள் 5.27 ஆண்டு. சிகிச்சை இயந்திரத்தில் 200 டெராபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தது என்று வைத்துக்கொண்டால், 53 ஆண்டு கழித்தும் 0.2 மிஞ்சும். சர்வதேச அணுசக்தி முகமை கோபால்ட்டுக்கு ஆபத்து வரம்பாக வைத்திருப்பது 0.03. அந்த வரம்புக்குக் கீழே வரவே 67 ஆண்டு ஆகிறது. சீசியம் 137-க்கு அரை ஆயுள் 30 ஆண்டு, அமெரிசியத்துக்கு 432, ரேடியத்துக்கு 1,600. அத்தனை காலம் அறையைப் பூட்டி, காவலுக்கு ஆள் போட்டு, அந்த ஆளுக்கு மாதாமாதம் சம்பளமும் கொடுத்துக்கொண்டிருக்கும் அரசு எது?

காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அணுமின் நிலையம் இல்லாத தாய்லாந்தே போதும். 2000-ல் பயன்பாடு முடிந்த கோபால்ட் சிகிச்சைத் தலைகள் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. அதில் ஒன்று சமுத் பிரகான் என்ற ஊரின் காயலான் கடைக்குப் போய், அங்கே உடைத்துத் திறக்கப்பட்டு, மூன்று பேர் இறந்தார்கள். 2023-ல் அதே நாட்டில் ஒரு மின் ஆலையிலிருந்து சீசியம் குழல் ஒன்று காணாமல் போனது, கடைசியில் உலோகம் உருக்கும் ஆலையின் தூசியில் சீசியம் தென்பட்டது. அணுமின் நிலையம் இருக்கும் நாடுகள் மட்டும் ஒழுங்கா என்றால், 2010-ல் டெல்லி மாயாபுரியில் நடந்ததும் இதேதான், பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவி, இரும்புக்கடை, ஒரு உயிர். எனக்கு இதில் படுவது, ஆட்களைக் கொன்றது மண்ணோ பாறையோ கிடையாது, பழைய இரும்பு விலை. அதனால் "பத்திரமா சேமிச்சு வெச்சிருக்கோம்" என்று எந்த நாடு சொன்னாலும் அதைப் பாதிப் பதிலாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த வழி, விற்றவனிடமே திருப்பி அனுப்புவது. என் ஓட்டு முதலில் இதற்குத்தான். 2018-ல் பொலிவியா, ஈக்வடார், பராகுவே, பெரு, உருகுவே ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து 27 பழைய மூலங்களை (உறைக்குள் அடைத்த கதிரியக்கப் பொருட்களை) ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் எடுத்துப் போனார்கள், செலவுக்குக் கனடா பணம் கொடுத்தது. இந்த ஐந்தில் எதிலும் அணுமின் நிலையம் இல்லை. பழனி மலைக்காரர்களுக்கு இந்த வழி புதிதில்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடிய பிறகு, 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. ஆனால் கப்பல் ஏறியது பெட்டியில் அடைக்க முடிந்த சரக்கு மட்டும்தான், மண்ணில் இறங்கிய பாதரசத்துக்கு எந்தக் கப்பலும் வரவில்லை. கதிரியக்க மூலத்துக்கும் இது அப்படியே பொருந்தும்: உறை முழுசாக இருக்கும்வரைதான் திருப்பி அனுப்பும் பேச்சு.

இதில் இன்னொரு ஓட்டை. புற்றுநோய்க்கு ஒரு காலத்தில் பயன்படுத்திய பழைய ரேடியம் ஊசிகளை விற்ற கம்பெனிகள் பலவும் இன்று இல்லை. பில் இல்லை, முத்திரை இல்லை, யாருக்கு அனுப்புவது?

அந்த மிச்சத்துக்குத்தான் ஆழ்துளைப் புதைப்பு. தென்னாப்பிரிக்காவில் உருவான யோசனை, சர்வதேச முகமை அதை எடுத்து வளர்த்தது, கானாவும் மலேசியாவும் இந்தப் பாதையில் இறங்கின. நம்மூர் போர்வெல் போடுவது போலத்தான், சுமார் 26 சென்டிமீட்டர் அகலத் துளை, குறைந்தது 30 மீட்டருக்குக் கீழே. மூலத்தைத் துருப்பிடிக்காத எஃகுக் குப்பியில் வைத்து வெல்டிங் செய்து, அதை இன்னொரு எஃகுக் கலத்துக்குள் இறக்கி, சுற்றிலும் சிமென்ட். அதற்குப் பிறகு காவலாளியை நம்பி இருக்க வேண்டியதில்லை, காயலான் கடைக்காரர் எட்டும் ஆழமும் இல்லை. குறை என்னவென்றால் திரும்ப எடுப்பது பெரும்பாடு, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முன்கூட்டியே கச்சிதமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதிகாரிகள் இதைத் தள்ளிப்போட நிலத்தடி நீரைக் காட்டுவார்கள். காரணம் நியாயமானது, ஆனால் அதைச் சொல்லியே இருபது வருஷம் கிட்டங்கியில் வைத்திருப்பது நியாயமில்லை.

பணக்கார நாடுகளைப் பார்த்தால் வேறு ஆசை வரும். நார்வேயில் அணுமின் நிலையம் இல்லை, ஆராய்ச்சி உலைகள் இருந்தன. 1999 முதல் ஹிம்டாலன் என்ற இடத்தில் மலையைக் குடைந்து 10,000 பீப்பாய் வைக்கும் குகைகள் நடத்துகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சி உலைகளில் எரிந்த சுமார் 17 டன் எரிபொருளுக்கு அந்தக் குகை இடமில்லை, அது தனிப் பிரச்சினையாக நிற்கிறது. டென்மார்க் இன்னும் மோசம், 2003-லிருந்து இடம் தேடி, எந்த ஊரும் சம்மதிக்காமல், 2018-ல் நாடாளுமன்றம் 2073 வரை அவகாசம் எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் கிம்பா பக்கம் தேர்ந்தெடுத்த இடத்தை பார்ங்கார்லா பழங்குடி மக்கள் எதிர்த்து வழக்குப் போட்டு, 2023-ல் நீதிமன்றம் அரசின் முடிவை ரத்து செய்தது.

நம் மாதிரி மலைகளில் குகை யோசனை எனக்கு ஒட்டவே இல்லை. நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட், கெட்டியான பாறைதான். ஆனால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மண்ணும் அதில் வெட்டிய ரோடும் மழைக்கு நிற்காது. 2009 நவம்பரில் இங்கே சரிந்தது, 2014 அக்டோபரில் இலங்கையின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளோடு சரிந்தது. பாறை எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், அதுவரை லாரி போய்ச் சேர வேண்டுமே. அது போக, மலையைக் குடைகிறோம் என்று சொன்னாலே ஊர் கொந்தளிக்கும். நீலகிரியின் சிங்காராவில் இடம் கிடைக்காமல் தேனி பொட்டிபுரத்துக்குப் போன நியூட்ரினோ (ஒரு வகை நுண்துகள்) ஆய்வகத் திட்டத்தில் கழிவு வைக்கும் பேச்சே இல்லை, அதற்கே "அணுக்கழிவு கொட்டப் போறாங்க" என்று பேச்சு பரவியது. ஒரு அறை கொள்ளும் சரக்குக்காக அந்தச் சண்டையை இழுத்துக்கொள்வது வீண்.

கோபால்ட்டே வாங்காமல் மின்சாரத்தில் கதிர் உண்டாக்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டருக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும் என்பார்கள். சரிதான், அதில் மூலமே கிடையாது, ஸ்விட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும். ஆனால் அதற்குச் சீரான கரண்ட் வேண்டும், பழுது பார்க்க இன்ஜினியர் கூப்பிட்ட தூரத்தில் இருக்க வேண்டும், இரண்டும் இல்லாத ஆஸ்பத்திரியில் அது துணி போட்டு மூடித்தான் கிடக்கும். கோபால்ட் இயந்திரம் அந்த ஊர்களில் இன்னும் நோயாளிக்கு உதவுகிறது. இந்தியாவின் பாபாட்ரான் என்ற கோபால்ட் இயந்திரம் வியட்நாமுக்கும் கென்யாவுக்கும் போனதும் அதனால்தான். ஆகவே கோபால்ட் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய மூலத்தை எடுத்துப்போகும் செலவையும் விலையிலேயே சேர்த்து, அதை முன்பணமாக அரசிடம் கட்டிவிட்டு வாங்கட்டும்.