நான்கு நாள் விடுமுறைக்குப் போர்தோவா, பர்கண்டியா?

பிரான்சில் ஒயினுக்கென்றே சில நாள்களை ஒதுக்கிப் பயணம் போக நினைப்பவர்கள், கடைசியில் போர்தோ, பர்கண்டி என்ற இரண்டு பெயர்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் மே மாதத்தில் இவ்விரண்டிலும் நான்கு நாள்கள் வீதம் தங்கிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். போர்தோ நாட்டின் மேற்கிலும் பர்கண்டி கிழக்கிலும் இருப்பதால், இரண்டையும் ஒரே பயணத்தில் அடக்க முயன்றால் ஒரு நாள் ரயிலிலேயே கழிந்துவிடும். ஆகவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் போர்தோவில் இறங்கிவிடலாம். யுனெஸ்கோ 2007இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நகரம் என்பதால், ஒயினில் நாட்டமில்லாதவருக்கும் ஆற்றங்கரையில் ஒரு நாள் எளிதாகப் போய்விடும். 2016இல் திறக்கப்பட்ட ஒயின் அருங்காட்சியகமான சித்தே து வென் நன்றாகவே இருக்கிறது. அனுமதிச் சீட்டோடு, மேல்மாடத்தில் நின்று ஊரைப் பார்த்தபடி குடிக்க ஒரு கோப்பை ஒயினும் கிடைக்கிறது. ஆனால் ஒயினுக்காக வந்தவர் நகரத்தை விட்டு வடக்கே, மெதோக் பகுதிக்குப் போயாக வேண்டும். ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்து, 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த மண் அது. திராட்சைக் கொடி வரிசைகளின் அடியில் குனிந்து பார்த்தால் கூழாங்கற்கள்தான். நீரைத் தேங்க விடாமல் இறக்கிவிட்டு, பகல் வெயிலின் சூட்டை இரவிலும் பிடித்து வைத்திருக்கும் இந்தக் கற்களின் தயவில்தான் கபர்னே சோவின்யோன் என்ற கருந்திராட்சை அங்கே பழுக்கிறது.

மெதோக்கில் எனக்கு ஒட்டாமல் போனது அதன் மாளிகைத் தோரணை. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக தோட்டங்களைத் தரம் பிரித்து வகுக்கப்பட்ட ஐந்து படிநிலைப் பட்டியல் இன்றும் அங்கே வேதவாக்கு; அதன் பிறகு மேல்படிக்கு ஏறிய ஒரே தோட்டம் 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் மட்டுமே. அந்தப் பட்டியலில் தரம் மாளிகையின் பெயருக்குத்தானே தவிர நிலத்துக்கு அல்ல. முன்பதிவு செய்யாமல் ஒரு பெரிய தோட்டத்தின் வாசலுக்குப் போனபோது, கதவருகே நின்றவர் மிகுந்த மரியாதையோடு எங்களைத் திருப்பி அனுப்பினார். பதிவு செய்து போன வேறோர் இடத்தில், நாற்பது நிமிடக் கட்டட வரலாற்றுக்குப் பிறகு இரண்டு கோப்பைகள் வந்தன. அதற்கு மாறாக, பாறையைக் குடைந்து எழுப்பிய தேவாலயமும் மெர்லோ திராட்சைத் தோட்டங்களும் சூழ்ந்த சேன் எமிலியோன் என்ற ஊர் மனத்துக்கு நெருக்கமாக இருந்தது. போர்தோவிலிருந்து ரயிலிலேயே போய்வரலாம்.

பர்கண்டியில் நான் தங்கியது போன் என்ற சிறுநகரம் (நம் தொலைபேசியைச் சொல்வதுபோலவே ஒலிக்கும் பெயர்). அங்குள்ள கதை வேறு. திஜோன் நகரிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளும் ஒரு சரிவு. அதன் மேல் நூற்றுக்கணக்கான சிறு திராட்சை நிலத் துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர், ஒரு தரம். இங்கே தரம் நிலத்துக்குத்தான். ஏன் இத்தனை துண்டுகள் என்பதைத் தமிழருக்கு ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: பாகப்பிரிவினை. பிரெஞ்சுப் புரட்சியின்போது மடங்களின் நிலம் பறிக்கப்பட்டு ஏலத்துக்கு வந்தது; பிறகு, பிள்ளைகள் அனைவருக்கும் பங்கு உண்டு என்ற நெப்போலியன் காலச் சட்டம் தலைமுறைதோறும் நிலத்தை அறுத்துக்கொண்டே வந்தது. சிஸ்டர்சியத் துறவிகள் மதில் எழுப்பிய க்ளோ த வூஜோ என்ற ஏறத்தாழ 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று சுமார் 80 உரிமையாளர்கள். வோன் ரொமானே ஊரில், உலகத்திலேயே மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்றைத் தரும் ரொமானே கொந்தி தோட்டம் மொத்தமே நாலரை ஏக்கர்தான். இடுப்பளவுகூட இல்லாத கல்சுவர், ஒரு கற்சிலுவை, உள்ளே நுழைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு பலகை, அவ்வளவுதான். வரப்பு தாண்டினால் அதே பினோ நுவார் திராட்சைக் கொடிதான், விலையோ பல மடங்கு குறைவு.

இந்த வேறுபாட்டை நாக்கில் உணர்ந்தது ஒரு சிறு விவசாயியின் நிலவறையில். நாற்பது அடி இடைவெளியில் உள்ள இரண்டு துண்டுகளின் ஒயினை, கண்ணாடிக் குழலால் பீப்பாய்களிலிருந்து உறிஞ்சி ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார். முதலாவது மெல்லியது, செர்ரிப் பழ வாசனையோடு. இரண்டாவதில் ஈரமண்ணும் ஒரு துவர்ப்பும். கோப்பையில் மிஞ்சியதை வீணாக்காமல் பீப்பாயிலேயே திரும்ப ஊற்றிவிட்டார்.

குறைகளும் உண்டு. சிறு தயாரிப்பாளர்களிடம் மின்னஞ்சலில் முன்கூட்டியே கேட்க வேண்டும். சிலர் பதிலே எழுதுவதில்லை. கொஞ்சம் பிரெஞ்சு தெரியாவிட்டால் சிரமம். சைவர்களுக்கு உணவும் கடினம்: மாட்டிறைச்சியும் நத்தையும் ஆளும் ஊரில் என் மனைவி பெரும்பாலும் கூஜேர் என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தையே தின்று சமாளித்தார், அதிலும் முட்டை உண்டு. போன் நகரம் இரவு ஒன்பதுக்கெல்லாம் அடங்கிவிடும். ஆனால் 1443இல் நிறுவப்பட்ட, வண்ண ஓடு வேய்ந்த பழைய மருத்துவமனையைப் பார்க்கவே ஒரு காலைப் பொழுதை ஒதுக்கலாம். நன்கொடையாக வந்த தோட்டங்களின் ஒயினை 1859 முதல் ஏலம் விடும் அறநிலையம் அதனுடையதுதான்.

குழந்தைகளோடு போகிறவர்களும், குழுவில் பாதிப்பேர் குடிக்காதவர்களும் போர்தோவைத் தேர்ந்தெடுங்கள்; பக்கத்தில் கடலும், நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த பிலா மணற்குன்றும் இருக்கின்றன. ஒயினே நோக்கமென்றால் பர்கண்டிதான். கார் எடுக்காதீர்கள், இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. போன் நகரிலிருந்து பொமார், வோல்னே, மெர்சோ ஆகிய ஊர்கள் வழியாகச் சாந்தனே வரை கொடிகளுக்கு நடுவே சைக்கிள் பாதை போகிறது. ஆகஸ்டில் பல கதவுகள் பூட்டியிருக்கும். செப்டம்பரில் அறுவடை என்பதால் பேச யாருக்கும் நேரமிராது. நாங்கள் அடுத்த ஜூனுக்கு மறுபடியும் அங்கேயே அறை பதிவு செய்திருக்கிறோம், இம்முறை சைக்கிள்களோடு சேர்த்து.