லாடம் கழற்றிய வயசான குதிரைக்குக் குளம்பு பூட்ஸ்: கொங்குத் தரைக்கு எது பொருந்தும்?

பதினைந்து வயதைத் தாண்டிய குதிரையையும் லாடமில்லாமல் நடக்கப் பழக்கலாம். ஆனால் கழற்றிய மறுநாளே சுக்காங்கல் கிடக்கும் வண்டித்தடத்தில் இறக்கினால் அது நொண்டத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு "லாடம் இல்லாம இதுக்கு ஆகாதுங்க" என்று திரும்பவும் ஆணி அடித்துவிடுவார்கள். குறை குதிரையின் மேல் இல்லை. இத்தனை வருடம் தரையையே தொடாத அடிப்பாதத்துக்கு நாம் அவகாசம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அவகாசத்தைத் தருவதற்கு வந்தவைதான் கழற்றி மாட்டும் குளம்பு பூட்ஸ். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், விலையும் கூடுதல். அதனால் வாங்கும் முன் எந்த வகை நம் காட்டுக்கும் மழைக்கும் தாங்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

லாடம் இருக்கும்வரை எடை முழுவதும் குளம்புச் சுவர் வழியே இறங்குகிறது. நடுவே முக்கோணமாய் இருக்கும் ஃபிராக்குக்கு வேலையே இல்லாமல் அது சுருங்கிப்போகும், குதிகாலும் ஒடுங்கும். கழற்றிய பிறகு இவை திரும்பத் தடித்து அகல வேண்டும். குளம்புச் சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மி.மீ. வளரும். முன்நுனி மேலிருந்து தரைவரை புதிதாக இறங்க 9 முதல் 12 மாதம் ஆகும். வயதான குதிரைக்கு வளர்ச்சி இன்னும் மந்தம். ஆகவே ஒரு வருடக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன் குளம்பைப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். உள்ளே இருக்கும் எலும்பின் நுனிக்கும் தரைக்கும் நடுவில் அடிப்பாதம் 15 மி.மீ. தடிமன் இருந்தால் தைரியமாக இறங்கலாம். 10 மி.மீ.க்குக் கீழே இருந்தால் பூட்ஸும் அதற்குள் போடும் மெத்தையும் கையில் வந்து சேர்ந்த பிறகுதான் லாடத்தில் கை வைக்க வேண்டும். நாமக்கல், உடுமலை கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். கோடையிலும் உரோமம் உதிராமல் நீண்டு சுருண்டிருக்கிறதா, முதுகுச் சதை வற்றியிருக்கிறதா, தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா? இவை பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறின் அடையாளங்கள். வயதான குதிரைகளில் இது அடிக்கடி வரும், லேமினைட்டிஸ் என்ற குளம்பின் உள்சதை அழற்சிக்கும் இழுத்துக்கொண்டு போகும். ரத்தத்தில் ஏசிடிஎச் என்ற ஹார்மோனின் அளவு பார்த்தால் தெரிந்துவிடும். இந்த நோயைக் கவனிக்காமல் எவ்வளவு நல்ல பூட்ஸ் மாட்டினாலும் குளம்பு தேறாது. வெல்லம், கம்பு, தவிடு என்று மாவும் சர்க்கரையும் சேர்ந்த தீனியை நிறுத்திவிட்டு, காய்ந்த புல் முக்கியத் தீனியாக இருக்கும்படி மாற்றுங்கள். திடீரென்று மாற்றாமல் பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாக மாற்ற வேண்டும்.

இனி பூட்ஸ். சந்தையில் கிடைப்பவற்றை மூடும் விதத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

வெல்க்ரோ பட்டையால் மூடும் வகைக்கு கவாலோ டிரெக் நல்ல உதாரணம். வாய் அகலமாகத் திறக்கும். மூட்டு வலியால் காலை அதிக நேரம் தூக்கி நிற்க முடியாத குதிரைக்கு இது பெரிய வரம்: காலை ஒரு சாண் உயர்த்தினால் போதும், உள்ளே நுழைத்துவிடலாம். அளவில் சிறு வித்தியாசம் இருந்தாலும் சமாளிக்கும், தடித்த மெத்தைக்கும் இடம் இருக்கும். ஆனால் நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வெல்க்ரோவுக்கு ஒரு எதிரி உண்டு, அது புல்விதை. கொழுக்கட்டைப்புல்லின் சொரசொரப்பான கதிரும் ஒட்டுப்புல்லும் பட்டையில் போய் அப்பிக்கொண்டால் பிடிப்பு தளர்ந்துவிடும். ஐப்பசி மழையில் கரிசல் சேறும் சேர்ந்தால் இன்னும் மோசம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு முறையும் விதையைச் சீவி எடுத்தால்தான் ஓடும். களத்திலும் தோட்டத்துத் தடத்திலும் மட்டும் நடக்கும் குதிரைக்கு இந்த வகை போதும்.

இரண்டாவது, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் பட்டையைக் குமிழில் மாட்டும் வகை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலிருந்து வரும் ஸ்கூட் பூட் இந்த இனம். வெல்க்ரோ கிடையாது, புல்விதைக்கு அங்கே வேலையில்லை. தண்ணீர் வடிய ஓட்டை இருப்பதால் வாய்க்காலைக் கடந்தாலும் உள்ளே தேங்காது. கழுவிக் கவிழ்த்தால் காய்ந்துவிடும். கொங்குத் தரைக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். குறை என்னவென்றால் கூடு அவ்வளவாக வளையாது. குளம்பு பக்கவாட்டில் விரிந்திருந்தால், அதைச் சீவி ஒழுங்கு செய்யாமல் சரியாக உட்காராது. அளவு ஒரு படி தவறினால் குதிகால் உருண்டையில் உரசிப் புண்ணாக்கும். மார்வாரிக் குதிரைகள் பலவற்றுக்குக் குளம்பு அகலம் குறைந்து நீளம் கூடியிருக்கும். அவற்றுக்கு ஒல்லியான அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, கையுறைபோல இறுக்கமாக ஏறும் ஈசிபூட் குளோவ் வகை. முன்புறம் உள்ள 'வி' வெட்டு, மாட்டியதும் லேசாக விரிந்தால் அளவு சரி. ஓடும் குதிரைக்கு இது அருமையான பொருள். ஆனால் நாலு வாரத்துக்கு ஒருமுறை சீவாவிட்டால் ஏறாது. ஏற்றும்போது ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும், இழுக்க வேண்டும். மூட்டு தேய்ந்த குதிரையை அந்தப் பாடு படுத்தாதீர்கள்.

எதை வாங்கினாலும் அளவெடுப்பதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. சீவிய அன்றே அளக்க வேண்டும், நாலு வாரம் வளர்ந்த குளம்பை அளந்தால் பூட்ஸ் பெரிதாகிவிடும். காலைத் தூக்கி, அகலமான இடத்தில் குறுக்கே ஒரு அளவு. பிறகு முன்நுனியிலிருந்து, குதிகாலில் சுவர் மடங்கித் திரும்பும் இடம்வரை நீளவாக்கில் ஒரு அளவு. பின்னால் துருத்தும் சதை உருண்டையைச் சேர்க்காதீர்கள், பலரும் தவறுவது அங்கேதான். இரண்டு காலையும் தனித்தனியே, மில்லிமீட்டரில் குறியுங்கள். ஒரே குதிரைக்கு இடது, வலது வேறு அளவாக இருப்பது சாதாரணம். மாட்டி நடத்தும்போது பூட்ஸ் திருகினால் பெரிது என்று அர்த்தம். பெரும்பாலும் முன்னங்காலுக்கு ஒரு ஜோடி போதும், உடல் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் அங்கேதான் இறங்குகிறது.

பூட்ஸைவிட உள்ளே போடும் மெத்தைதான் அடிப்பாதத்தை வளர்க்கிறது என்பது எங்கள் கருத்து. 12 மி.மீ. ஈவிஏ நுரைத் தகடு தொடக்கத்துக்குச் சரியாக இருக்கும், தேறிய பிறகு 6 மி.மீ.க்கு இறங்கலாம். பூட்ஸ் கம்பெனி மெத்தையே வேண்டும் என்பதில்லை. செருப்புத் தைப்பவர்கள் வாங்கும் ஈவிஏ தகட்டில் பூட்ஸின் உள்ளளவை வரைந்து வெட்டிக்கொள்ளலாம். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே எழும்ப வேண்டும். எழும்பாத தகடு குளம்புக்கு ஆகாது. சில வாரத்தில் நசுங்கிவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபிராக் இருக்கும் இடத்தில் முக்கோணமாய் இன்னொரு துண்டு ஒட்டினால் குதிகால் முதலில் ஊன்றும் பழக்கம் சீக்கிரம் வரும்.

லாடம் கழற்றும் காலத்தையும் பார்த்து வையுங்கள். தை, மாசி நல்ல காலம். மழை ஓய்ந்து தரை உலர்ந்திருக்கும், அடுத்த ஐப்பசிக்குள் எட்டு ஒன்பது மாத வளர்ச்சி கிடைத்துவிடும். அடைமழையில் ஊறி இளகிய அடிப்பாதத்தைக் கல்லில் விட்டால் கன்றிப்போகும். லாடம் கட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஆணியின் மடங்கிய முனைகளை அராவி, ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கட்டும். லாடத்தை ஒரே நெம்பாக நெம்பினால் ஆணித்துளையை ஒட்டிச் சுவர் பிளந்துவிடும். கழற்றிய பிறகு கத்தியால் அடிப்பாதத்தையும் ஃபிராக்கையும் செதுக்கக் கூடாது. சுவரின் வெளி ஓரத்தை மட்டும் அரத்தால் உருட்டி விட்டால் போதும். "சுத்தமா இருக்கட்டுமுங்க" என்று வழக்கம்போலச் செதுக்கிவிடுவார்கள், பக்கத்திலேயே நின்று தடுங்கள். வயசான குதிரைக்கு நாலு காலையும் ஒரே மூச்சில் செய்யாமல் நடுவில் காலை இறக்கி ஓய்வு கொடுக்க வேண்டும். ரப்பர் விரிப்பின் மேல் நிறுத்தினால் நல்லது.

முதல் வாரம் களத்திலும் மெத்தென்ற மண்ணிலும் அதன் இஷ்டத்துக்கு விடுங்கள். பூட்ஸை முதலில் 20, 30 நிமிடம் மாட்டிக் கழற்றி, குதிகாலில் உரசல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு பூட்ஸோடு வழக்கமான நடை. வெறுங்குளம்பு நடையைத் தனியாகக் கூட்ட வேண்டும்: காலை வெயில் ஏறும் முன், கல்லில்லாத வழவழப்பான தார்ரோட்டில் 10 நிமிடம், வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி. அடி எட்டாமல் குட்டையாக வைத்தாலோ, நுனியை முதலில் ஊன்றினாலோ, குளம்பு சூடாகிக் கணுக்காலின் பக்கவாட்டில் நாடி பலமாகத் துடித்தாலோ, உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். சீவுவது 4 வாரத்துக்கு ஒருமுறை, கொஞ்சமாக.

மாட்டும் முன் ஒவ்வொரு தடவையும் குளம்பைக் குடைந்து பார்ப்பது கட்டாயம். வெள்வேல் முள்ளோ கிளுவை முள்ளோ தைத்திருப்பது தெரியாமல் பூட்ஸை மாட்டினால், நடக்க நடக்க முள் உள்ளே இறங்கும். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் வரும், ஊசி போட்ட தேதியைக் கட்டுத்தறிச் சுவரிலேயே எழுதி வையுங்கள். இரவில் பூட்ஸோடு விடாதீர்கள். உள்ளே வேர்த்து ஊறினால் ஃபிராக்கின் நடுப்பிளவில் கருப்பாக, நாற்றமாக அழுகல் பிடிக்கும். பிடித்துவிட்டால் பிளவைச் சுத்தம் செய்து நன்றாக உலர்த்தி, போவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்துத் தினமும் மாற்றுங்கள். மயில்துத்தத்தைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றுவது வேண்டாம், நல்ல சதையையும் அரித்துவிடும்.

வாங்கும்போதே உதிரிப் பட்டையும் குமிழும் இரண்டு செட் சேர்த்து வரவழைத்துவிடுங்கள். பட்டைதான் முதலில் அறும், உள்ளூரில் கிடைக்காது. குதிகால் விரியத் தொடங்கியதும், ஏறக்குறைய ஆறாவது மாதத்தில், மறுபடி அளந்து பாருங்கள். முதலில் வாங்கிய அளவு அப்போது இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்திருக்கும். அந்த நிலையில் அதை வலிந்து மாட்டாமல், ஒரு அளவு கூட்டி வாங்குவதா, அல்லது கல்தடத்துக்கு மட்டும் பூட்ஸ் வைத்துக்கொண்டு மற்ற நேரம் வெறுங்குளம்பில் விடுவதா என்று அதன் நடையைப் பார்த்து முடிவு செய்யலாம்.