காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு நாள்: மூன்று சதுக்கமா, பாட்டனா, பக்தபூரா?

காத்மாண்டுவில் தமேல் பக்கம் டிராவல்ஸ் வாசல்களில் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களின் ஊர்களுக்கான ஒருநாள் சுற்றுலாக்கள் வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் மூன்று வகைதான். காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் மூன்றின் தர்பார் சதுக்கங்களையும் ஒரே நாளில் காட்டுவது ஒன்று. பாட்டனோடு தெற்கே இருக்கும் புங்கமதி, கோகனா கிராமங்களைச் சேர்ப்பது இன்னொன்று. பக்தபூரும் சாங்கு நாராயண் கோயிலும் மட்டும் என்பது மூன்றாவது. என்னைக் கேட்டால் மூன்றாவதுக்குப் போங்கள்.

மூன்று சதுக்கப் பயணம்தான் பார்ப்பதற்கு லாபமாகத் தெரியும், அதனாலேயே நிறைய பேர் அதில் ஏறிவிடுகிறார்கள். சிக்கல் எங்கே என்றால், பள்ளத்தாக்கை ஆண்ட மல்ல வம்ச அரசர் யட்ச மல்லர் 1482இல் இறந்த பிறகு அது அவருடைய வாரிசுகளிடம் பிரிந்து மூன்று அரசுகளானது, அப்புறம் ஒருவர் கட்டியதைப் பார்த்து இன்னொருவர் கட்டத் தொடங்கினார்கள். அதனால் மூன்று ஊரிலும் அரண்மனைக்கு முன்னால் ஒரு சதுக்கம், மல்ல அரசர்களின் குலதெய்வமான தலேஜுவுக்கு ஒரு கோயில், தூண் உச்சியில் ஓர் அரசர்: காத்மாண்டுவில் பிரதாப மல்லர், பாட்டனில் யோகநரேந்திர மல்லர், பக்தபூரில் பூபதீந்திர மல்லர். நிதானமாகப் பார்க்கிறவருக்கு இந்தப் போட்டாபோட்டி அருமையான விஷயம். ஊருக்கு ஒரு மணி நேரம் என்று ஓடினால் சாயங்காலம் போட்டோக்களைப் புரட்டும்போது எது எந்த ஊர் என்றே தெரியாது. பகலில் பாதி காத்மாண்டு டிராஃபிக்கில் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டன் விஷயம் வேறு. ஊர் அழகுக்குக் குறையே இல்லை. 1637இல் சித்தி நரசிம்ம மல்லர் கட்டிய கிருஷ்ணர் கோயில் முழுக்கக் கல். சுற்றிலும் மரமும் செங்கல்லுமாக இருக்க, இது மட்டும் 21 கலசங்களோடு தனியாக நிற்கும், முதல் தளத்தில் மகாபாரதக் காட்சிகள், அதற்கு மேல் ராமாயணம், எல்லாம் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாக. பழைய அரண்மனைக்குள் இருக்கும் பாட்டன் மியூசியத்தில் மெழுகில் உருவம் செய்து உலோகம் வார்க்கும் முறையைப் படிப்படியாக விளக்கி வைத்திருக்கிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் வேலை செய்வதைப் பார்த்தவர்கள் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பார்கள். ஆனால் பாட்டன் பாக்மதி ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். டாக்சியில் நீங்களே போகலாம், மியூசியமே பாதி கைடு வேலையைச் செய்துவிடுகிறது. புங்கமதியில் மரச்சிற்பப் பட்டறைகள், கோகனாவில் கடுகு எண்ணெய். அமைதியான ஊர்கள்தான், ஆனால் முதல்முறை வருகிறவர் தன்னுடைய ஒரே நாளை அங்கே செலவழிக்க வேண்டாம்.

பக்தபூர் காத்மாண்டுவிலிருந்து கிழக்கே சுமார் 13 கிலோமீட்டர். சதுக்கத்தோடு முடிந்துவிடாமல் ஊரே பழைய ஊராக இருக்கிறது. குயவர்கள் பானைகளைத் தெருவிலேயே காயவைத்திருப்பார்கள். தௌமதி சதுக்கத்தில் ஐந்தடுக்கு நியாதபோலா கோயில், பூபதீந்திர மல்லர் 1702இல் கட்டியது. படியேறும்போது இரண்டு பக்கமும் மல்யுத்த வீரர்கள், மேலே யானைகள், சிங்கங்கள், இன்னும் மேலே யாளி மாதிரியான உருவங்கள், கடைசியில் இரண்டு தேவதைகள். ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே இருப்பதைவிடப் பத்து மடங்கு பலம் என்று சொல்வார்கள். 1934 நிலநடுக்கத்தையும் 2015 நிலநடுக்கத்தையும் தாங்கி நின்ற கோயில் இது. அதே 2015இல் தர்பார் சதுக்கத்து வத்சலா கோயில் விழுந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்கு உளுந்து அரைத்துச் சுடும் பாரா, மண்சட்டியில் உறையவைத்த ஜூஜூ தௌ தயிர். இரண்டையும் விடாதீர்கள்.

கைடு உண்மையிலேயே தேவைப்படும் இடம் சாங்கு நாராயண். குன்றின் மேல் இருக்கும் விஷ்ணு கோயில், இப்போது நிற்கும் கட்டடம் பிற்காலத்தது, ஆனால் முற்றத்தில் இருக்கும் திரிவிக்கிரமரும் விஸ்வரூபமும் மல்லர்களுக்கு முன்பு ஆண்ட லிச்சவி வம்சத்தின் காலத்தவை. கருவறைக்கு எதிரே மண்டியிட்டிருக்கும் கருடனையும் பக்கத்தில் இருக்கும் தூணையும் சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். அந்தத் தூணில்தான் மானதேவ மன்னரின் 464ஆம் ஆண்டுச் சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. தந்தை இறந்ததும் தாய் ராஜ்யவதி உடன்கட்டை ஏறத் துணிந்ததையும், மகன் அவரைத் தடுத்ததையும், பிறகு கிழக்கிலும் மேற்கிலும் படையெடுத்துப் போனதையும் அது சொல்கிறது. அதைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த ஒருவரோடு நின்றால் அந்த முற்றத்தைவிட்டு நகர மனம் வராது.

பதிவு செய்வதற்கு முன்பு இரண்டு விஷயம் கேளுங்கள்: கைடு உரிமம் பெற்றவரா, நுழைவுக் கட்டணம் பாக்கேஜுக்குள் அடக்கமா. பக்தபூரில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம், சார்க் நாட்டினருக்கு நன்றாகவே குறைவு. அதனால் இந்தியா, இலங்கையிலிருந்து போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்கள் முழுக் கட்டணம் கட்டவேண்டியிருக்கும். ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி, அங்கே பிஸ்கேட் தேர்த்திருவிழா. கூட்டம் நெரியும், கார் உள்ளே போகாது, ஆனால் தேர் இழுப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் சாங்கு நாராயணை அடுத்த நாளைக்குத் தள்ளிவிட்டுப் பக்தபூரிலேயே தங்கிவிடுங்கள்.