தனி வேட்பாளரா, இரவல் வேட்பாளரா: நியூயார்க்கில் மூன்றாவது கட்சிக்கு எது கட்டுபடியாகும்?

2018 நவம்பரில் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் பசுமைக் கட்சியின் ஹோவி ஹாக்கின்ஸுக்கு ஓட்டுப் போட்டேன். 2022-ல் ஜனநாயகக் கட்சியின் கேத்தி ஹோக்குலுக்குப் போட்டேன், ஆனால் வாக்குச்சீட்டில் அந்தக் கட்சியின் வரிசையில் அல்ல. உழைக்கும் குடும்பங்கள் கட்சி என்ற சின்னக் கட்சியின் வரிசையில். நாலு வருஷத்தில் ஏன் இப்படி மாறினாய் என்று வீட்டிலேயே கேட்டார்கள். அதற்கான பதில்தான் இது.

இங்கே ஆளுநர் நியமனப் பதவி இல்லை. மாநிலம் முழுக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முதல் பதவி. அதற்கு மூன்றாவது கட்சி இரண்டு வழிகளில் போகலாம். ஒன்று, சொந்த வேட்பாளர். இன்னொன்று, பெரிய கட்சியின் வேட்பாளரையே தன் வேட்பாளராகவும் அறிவிப்பது. இதை ஃப்யூஷன் என்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் இதற்கு இடமில்லை, நியூயார்க்கில் உண்டு. ஒரே பெயர் வாக்குச்சீட்டில் பல வரிசைகளில் வரும். ஒவ்வொரு வரிசையின் ஓட்டையும் தனியாக எண்ணி, கடைசியில் கூட்டிவிடுவார்கள். 2018-ல் அப்போதைய ஆளுநர், ஜனநாயகக் கட்சியின் ஆண்ட்ரூ குவோமோவின் பெயர் நான்கு இடத்தில் இருந்தது.

நம்மூர்க் கூட்டணியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் புரியும். 2021-ல் ம.தி.மு.க. வேட்பாளர்கள் உதயசூரியனில் நின்றார்கள், ஓட்டும் தி.மு.க. கணக்கில் ஏறியது. இங்கே பெரிய கட்சிக்காரர் சின்னக் கட்சியின் வரிசையில் வந்து நிற்கிறார்.

கொள்கைச் சுத்தம் என்று பார்த்தால் தனி வேட்பாளர்தான் மேல். அதில் வாதத்துக்கு இடமே இல்லை. ஜெயிக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 1970-ல் ஜேம்ஸ் பக்லி, நியூயார்க்கின் இன்னொரு சின்னக் கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் வேட்பாளராக மும்முனைப் போட்டியில் நின்று, சுமார் 39 சதவீத ஓட்டிலேயே அமெரிக்க செனட்டுக்குப் போனார். தோற்றாலும் பலன் இருக்கலாம். 2014-ல் ஹாக்கின்ஸ் நிலத்தடிப் பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதை எதிர்த்துப் பிரசாரம் செய்து, 1.84 லட்சம் ஓட்டு, ஏறக்குறைய 5 சதவீதம் வாங்கினார். அடுத்த மாதமே குவோமோ அரசு அதற்குத் தடை அறிவித்தது. எங்களால்தான் நடந்தது என்று பசுமைக் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். கொஞ்சமாவது உண்மை இருக்கும் என்றுதான் எனக்கும் படுகிறது.

சரி, பிறகு ஏன் மாறினேன்? வரிசையைக் காப்பாற்றுகிற செலவு.

வாக்குச்சீட்டில் ஒரு கட்சிக்கு நிரந்தர வரிசை இருப்பது வாடகை வீடு மாதிரி. முன்பு நாலு வருஷத்துக்கு ஒரு தரம் ஆளுநர் தேர்தலில் 50,000 ஓட்டு கட்டினால் போதும். 1998-ல் பசுமைக் கட்சி பழைய டிவி நகைச்சுவை நடிகர் அல் லூயிஸை நிறுத்தி, 52,000 சொச்சம் வாங்கி வரிசையைப் பிடித்தது. 2018-ல் ஹாக்கின்ஸுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் விழுந்தது. என் ஓட்டும் அதில் ஒன்று; வரிசை பத்திரம் என்று நிம்மதியாக இருந்தேன்.

2020 ஏப்ரலில் வாடகையை ஏற்றிவிட்டார்கள். மாநில பட்ஜெட்டோடு சேர்ந்து வந்த சட்டம். இனி 1,30,000 ஓட்டு அல்லது மொத்தத்தில் 2 சதவீதம், எது அதிகமோ அது. அதுவும் நாலு வருஷத்துக்கு ஒரு தரம் இல்லை. அதிபர் தேர்தலையும் சேர்த்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம். தன்னை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்ற நடிகை சிந்தியா நிக்ஸனை ஆதரித்ததற்காக, உழைக்கும் குடும்பங்கள் கட்சியைத் தீர்த்துக்கட்டவே குவோமோ இதைக் கொண்டுவந்தார் என்று அப்போது பரவலாகப் பேச்சு. ஆனால் அந்தக் கட்சி பிழைத்துக்கொண்டது. 2020-ல் அவர்கள் வரிசையில் பைடனுக்கு 3.8 லட்சத்துக்கு மேல் விழுந்தது. அதிபர் தேர்தலில் தனியாக நின்ற அதே ஹாக்கின்ஸுக்கு மாநிலத்தில் 33,000 கூட வரவில்லை. பசுமைக் கட்சி, லிபர்ட்டேரியன் கட்சி இரண்டின் வரிசையும் போயிற்று.

போன வரிசையை மறுபடி பிடிக்க என்ன பாடு என்பதை 2022-ல் நேரில் பார்த்தேன். வரிசை இல்லாத கட்சி மாநிலப் பதவிக்கு ஆள் நிறுத்த முன்பு 15,000 கையெழுத்து கேட்டார்கள். இப்போது 45,000, ஆறு வாரத்துக்குள். நண்பரின் மகன் பசுமைக் கட்சிக்காக அலைந்துகொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை அவனோடு ஜாக்சன் ஹைட்ஸ் 74-ஆம் தெரு ரயில் நிலைய வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். நின்று கேட்டவர்களில் பாதிப் பேர் குடியுரிமை இல்லாதவர்கள். ஒரு பெரியவர் அக்கறையாக முழுவதையும் கேட்டுவிட்டு, தன் ஓட்டு இன்னும் பழைய ஊரான டெக்சஸில்தான் இருக்கிறது என்றார். முடிவில் அட்டையில் 31 கையெழுத்து.

"இதுல எத்தனை தேறும் அங்கிள்?" என்றான்.

"இருபத்தஞ்சு இருக்கும்பா."

அவன் மனசுக்குள் 45,000-ஐ வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். பேசாமல் சமோசா வாங்கப் போய்விட்டான். அந்த வருஷம் ஆளுநர் வாக்குச்சீட்டில் கடைசியில் இரண்டே வேட்பாளர்கள்: ஹோக்குலும் குடியரசுக் கட்சியின் லீ செல்டினும். ஹோக்குல் இரண்டு வரிசையில், செல்டின் இரண்டு வரிசையில்.

இரவல் வேட்பாளர் வழி சுகமானது என்று நான் சொல்ல வரவில்லை. 2018-ல் நிக்ஸன் தோற்றதும் உழைக்கும் குடும்பங்கள் கட்சி தன் வரிசையைக் குவோமோவிடமே கொடுத்தது. ஆறு மாதம் திட்டியவருக்கே ஓட்டுக் கேட்க வேண்டிய நிலை. பேரம் பேசுகிற பலமும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 1994-ல் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் படாக்கிக்குக் கன்சர்வேட்டிவ் வரிசையில் கிடைத்தது 3.28 லட்சம் ஓட்டு. அவர் ஜெயித்த வித்தியாசமோ சுமார் 1.74 லட்சம்தான். அந்த வரிசை இல்லாவிட்டால் ஆளுநர் நாற்காலி இல்லை, அது அவருக்கும் தெரியும். 2022-ல் ஹோக்குலுக்கு உழைக்கும் குடும்பங்கள் வரிசை தந்தது 2.6 லட்சத்துக்கு மேல். அது இல்லாமலும் அவர் ஜெயித்திருப்பார். அதனால் கட்சிக்கு வாடகை கட்டியாயிற்று, ஆளுநரின் கையை முறுக்க முடியவில்லை. இரவல் ஆள் பாதியில் கழன்றுகொண்டால் இன்னும் மோசம். 2002-ல் லிபரல் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் இதே குவோமோதான். போட்டியிலிருந்து அவர் விலகினார், 50,000 தேறவில்லை, 1944-லிருந்து இருந்த கட்சியின் வரிசை அதோடு போயிற்று.

பக்கத்து வெர்மான்ட்டில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அங்கே முற்போக்குக் கட்சி தன் ஆளையே நிறுத்தி, அவருக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்புரிமையையும் சேர்த்து வாங்கிவிடும். டேவிட் ஸக்கர்மேன் துணை ஆளுநரானதும், டக் ஹாஃபர் தணிக்கையாளரானதும் அப்படித்தான். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த மாநிலத்தின் மக்கள்தொகையே சுமார் ஆறரை லட்சம்தான். இலை நிறம் மாறும் பருவத்தில் இரண்டு தடவை போய் வந்ததுதான் எனக்கு அந்த ஊர்ப் பழக்கம். அங்கே எடுபடுவது இங்கே எடுபடுமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

உழைக்கும் குடும்பங்கள் வரிசையில் போடுவதாக இருந்தால் ஒரு விஷயம். ஒரே பெயருக்கு நேரே இரண்டு வட்டத்தையும் நிரப்பிவிடாதீர்கள். ஓட்டு செல்லும், ஆனால் முதலில் வருகிற பெரிய கட்சியின் கணக்கில் ஏறிவிடும். 2022-ல் பள்ளிக்கூட ஜிம்மில் கறுப்புப் பேனாவோடு நின்றபோது, ஹோக்குலின் முதல் வட்டத்தின் மேலேயே என் கை போய்விட்டது. பழக்க தோஷம். அப்புறம் நிதானமாக அதே பெயரின் இன்னொரு வட்டத்தைத் தேடி நிரப்பி, ஸ்கேனரில் விட்டேன். வெளியே வந்தால் நண்பரின் மகன் நிற்கிறான். ஹாக்கின்ஸின் பெயரை, பட்டியலில் இல்லாதவர்களுக்கென்று விட்டிருக்கும் காலி இடத்தில் கையால் எழுதிவிட்டு வந்தானாம்.