1,870 டொலர் போச்சுது. பழைய மியாற்றா கார் வைச்சிருக்கிற ஆக்கள் ஒருக்கா வாசியுங்கோ

நேற்றுப் பின்னேரம்தான் அந்தக் கராஜில இருந்து வெறுங்கையோட திரும்பி வந்தனான், இரவு முழுக்க நித்திரை இல்லை, அதால எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. பேர் போடமாட்டன், கேக்கவும் வேண்டாம். ரொறன்ரோவில ஸ்கொபரோப் பக்கம் ஒரு பிளாசாவுக்குப் பின்னால எங்கட ஆக்கள் நடத்துற சின்னக் கராஜ், அவ்வளவுதான் சொல்லுவன்.

என்ர கார் 2003 மஸ்டா மியாற்றா, 1.8 எஞ்சின், மனுவல், 168,000 கிலோமீற்றர் ஓடினது. பனிக்கும் இதைத்தான் ஓடுறனான், விசரன் எண்டு வீட்டில பேச்சு, அது வேற கதை. முந்தி 40 லீற்றர் அடிச்சா 440 கிலோமீற்றர் ஓடும், நூறுக்கு 9 லீற்றர் எண்டு வையுங்கோவன். டிசம்பரில இருந்து அதே 40 லீற்றருக்கு 310தான். குளிருக்கு எந்தக் காரும் கொஞ்சம் கூடக் குடிக்கும், அது எனக்கும் தெரியும், ஆனா போன பனிக்கு இப்பிடி இல்லையே. கூடவே ஹீற்றரும் சூடா வராது, 401 நெடுஞ்சாலையில 100ல போகேக்க கால் விறைக்கும்.

இதை ரெண்டையும் அந்தக் கராஜ்கார அண்ணையிட்டச் சொன்னனான். ஹீற்றர் கதையையும் சொன்னனான், இதை மறந்திடாதேங்கோ.

மனுசன் பிளேன்ரீ போட்டுத் தந்து, "தம்பி, நானும் வந்த புதுசில இதே காரைத்தான் வைச்சிருந்தனான், சிவப்பு"  எண்டு தொடங்கி, பொனற்றைத் திறந்து ஸ்குறூ டிறைவரை எஞ்சினில வைச்சு மற்ற முனையைக் காதில வைச்சுக் கேட்டார். அதிலதான் நான் விழுந்தனான். என்ர அப்பா ஊரில லொறி பாக்கேக்க அப்பிடித்தான் கேக்கிறவர். பிறகு ஏதோ மெசினைக் கொழுவிப்போட்டு, ஒக்சிஜன் சென்சர் ரெண்டும் போச்சு, புகையைச் சுத்தமாக்கிற கற்றலிற்றிக் கொன்வேற்றர் அடைச்சுப்போச்சு, இன்ஜெக்ரரும் கிளீன் பண்ணோணும் எண்டார். செக் எஞ்சின் லைற் ஒருநாளும் பத்தேல்லையே எண்டு கேட்டனான். "பழங்கார் தம்பி, லைற்றை நம்பேலாது." நானும் தலையாட்டினன். இவ்வளவும் பழுதெண்டா சாதாரணமா அந்த லைற் பத்தியிருக்கோணும் எண்டு இப்ப எல்லாருக்கும் வகுப்பெடுக்கிறன்.

மொத்தம் 1,870 டொலர். காசாத் தந்தா வரி இல்லை எண்டார். 13 வீதம் எண்டா 243 டொலர் மிச்சம் எண்டு மனசுக்குள்ள கணக்குப் போட்டு, வங்கிக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்து கையில குடுத்தனான். பில் கேக்கேல்ல. அந்த 243க்கு ஆசைப்பட்டுத்தான் 1,870ஐயும் விட்டனான், பேசுறதெண்டா என்னையும் பேசுங்கோ.

மூண்டாம் நாள் காரை எடுத்தன். முதல் ராங்க் 315 கிலோமீற்றர். போன் எடுத்தா, "புதுச் சாமான் தம்பி, ரெண்டு ராங்க் ஓடினாத்தான் பிடிபடும்." ரெண்டாவது 308. "குளிர்தானே, மார்ச் வரட்டும்." மார்ச் வந்தது, 320. "உது ஸ்போட்ஸ் கார், நீர் மிதிக்கிறீர் போல." நான் பிள்ளையை டேகெயாரில விடப் போற கார் அது, எங்க மிதிக்கிறது? அதுக்குப் பிறகு போன் எடுக்கிறேல்ல, மெசேஜ் போட்டா நீலச் சரி விழும், பதில் வராது.

போன சனி மச்சான் ஒருத்தன் காரின்ர கொம்பியூட்டரை வாசிச்சுப் போனில காட்டுற 25 டொலர் புளூரூத் ரீடர் ஒண்டைக் கொண்டுவந்து ஸ்ரியரிங்குக்குக் கீழ இருக்கிற போர்ட்டில கொழுவினான். பக்கத்து ஊர் மார்க்கம் மட்டும் ஓடிப்போட்டு போனைக் காட்டுறான், கூலன்ற், அதான் எஞ்சினுக்குள்ள சுத்துற தண்ணி, சூடு 62 பாகை. அரை மணித்தியாலம் ஓடியும் 62! 90க்குக் கிட்ட நிக்கவேண்டியது. அந்தத் தண்ணியைத் திறந்து மூடுற தெர்மோஸ்ராற் திறந்தபடியே இறுகிப்போச்சு, எந்நேரமும் குளிர்த் தண்ணி சுத்துது, கொம்பியூட்டர் எஞ்சின் இன்னும் சூடாகேல்ல எண்டு நினைச்சுப் பெற்றோலைக் கூட ஊத்துது. ஹீற்றர் சூடு வராததுக்கும் அதுதான் காரணம்! டாஷ் முள்ளைப் பாத்தா பாதிக்குச் சொட்டுக் கீழ நிக்கும், ஆருக்கும் சந்தேகம் வராது. பிறகு இறங்கி ஒவ்வொரு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோனான், வலப்பக்கப் பின்சில்லு மட்டும் கொதிக்குது. பிரேக்கை அமத்துற கலிப்பர் இறுகி பிரேக் விடாமப் பிடிச்சுக்கொண்டிருக்கு, இந்தக் காருகளுக்குப் பின் கலிப்பர் இறுகிறது வழமையான வருத்தமாம்.

தெர்மோஸ்ராற்றும் கஸ்கற்றும் 38 டொலர். மச்சான் ஒரு மணித்தியாலத்தில மாத்தினான். கலிப்பரைக் கழட்டிக் கிறீஸ் போட்டு இப்போதைக்கு விட்டிருக்கு, இந்த ராங்க் 400ஐத் தாண்டிப் போகுது.

காரைத் தூக்கினதோட அதையும் பாப்பம் எண்டு கீழ ரோச் அடிச்சா, 'புது' கற்றலிற்றிக் கொன்வேற்றர் அதே பழசுதான், மேல வெள்ளிக் கலர் ஸ்பிறே. நகத்தால சுரண்டினா உள்ளுக்குக் கறள். சென்சர் ரெண்டும் சாவி பட்ட அடையாளமே இல்லாம கறள் பிடிச்சு இறுகிக் கிடக்கு. 1,870 டொலருக்கு ஒரு தகரம் பெயின்ற்!

நேற்றுப் போட்டோவோட போனன். "ஆர் சொன்னது இஞ்ச செய்தனீர் எண்டு? பில் இருக்கே?" எண்டு கேக்கிறார். தேத்தண்ணி ஊத்தித் தந்த அதே மனுசன். பக்கத்தில நிண்ட வேலைக்காரப் பெடியன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான்.

சரி, புத்தி சொல்லுறன் எண்டு தொடங்கினனான், அவசரமாச் சொல்லுறன். எழுத்தில எஸ்ரிமேற் இல்லாமத் திறப்பைக் குடுக்காதேங்கோ. ஒன்ராறியோ சட்டப்படி எழுதின தொகையை விட 10 வீதத்துக்கு மேல கூட்டி வாங்கேலாது, போட்ட புதுச் சாமானுக்கும் கூலிக்கும் 90 நாள் இல்லாட்டி 5,000 கிலோமீற்றர், எது முந்துதோ அதுவரைக்கும் உத்தரவாதம் இருக்கு, கழட்டின பழைய சாமானையும் கேட்டு வாங்கலாம். பில் இல்லாட்டி இதெல்லாத்தையும் என்னெண்டு நிரூபிக்கிறது? கராஜுக்குப் போகமுன்னம் அந்த 25 டொலர் ரீடரை வாங்கிச் சூட்டைப் பாருங்கோ, ஓடிப்போட்டு வந்து சில்லுக்குக் கிட்டக் கையை வைச்சுப் பாருங்கோ, கதவு ஓரத்தில எழுதியிருக்கிற அளவுக்கு ரயருக்குக் காத்து அடியுங்கோ.

வேலைக்கு நேரமாச்சு. இதே மாதிரி ஸ்பிறே அடிச்ச கொன்வேற்றர் ஆரும் வாங்கியிருந்தா எனக்கு மெசேஜ் போடுங்கோ, சேர்ந்து முறைப்பாடு குடுப்பம். என்ர 1,870 டொலர்...